கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களை வடசென்னையில் எங்கே அழைத்துப் போவது?

கல்யாண வீட்டில் சாப்பாடு, பூ, மேளம் என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து இறங்குகிற உறவினர்கள் மிச்ச நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் கடைசி நிமிடம் வரை விட்டுவிடுகிறோம். முகூர்த்தம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, தாம்பூலப் பையும் கைக்கு வந்துவிட்டால், இரவு ரயிலுக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம் இருக்கும். அப்போது ஒரு பெரியப்பாவோ அத்தையோ கேட்பார்: "இங்க பக்கத்துல பார்க்க என்னப்பா இருக்கு?"

திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் பிறந்து வளர்ந்த நாமே இந்தக் கேள்விக்குத் தயங்குகிறோம். "இங்க என்ன இருக்கு, மெரினாவுக்குப் போயிட்டு வாங்க" என்கிறோம். அந்தப் பதில் எனக்கு எப்போதும் வருத்தம் தரும். சென்னையின் பழைய ஊரே இந்தப் பக்கம்தான். தேவாரம் பாடிய கோயில், நாட்டின் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம், நகரத்துக்கு மீன் தரும் துறைமுகம் எல்லாம் இங்கே இருக்கும்போது, விருந்தினரை ஏன் இரண்டு மணி நேர நெரிசலில் தெற்கே அனுப்ப வேண்டும்? வடக்கிலேயே வைத்துக் காட்டலாம். எந்த இடம் பெயர் பெற்றது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கையில் எந்த நேரம் இருக்கிறது, யார் வருகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலில் மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் வேன் அங்கேதான் புறப்படுகிறது. திருவொற்றியூரிலிருந்து போக வர நூற்றிருபது கிலோமீட்டருக்கும் மேல். நகரத்தை வடக்கிலிருந்து தெற்கு வரை கடந்த பிறகுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையே தொடங்கும். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. திரும்பும் வழியெல்லாம் ரயிலைப் பிடிப்போமா என்ற பதற்றம் வேறு. அது முழு நாள் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம், இரண்டு நாள் கூடுதலாகத் தங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். தி.நகரும் அப்படித்தான்: பட்டு எடுக்க வேண்டும் என்று மனதில் நினைத்து வந்தவர்கள் போகட்டும், வேடிக்கை பார்க்க வேண்டாம். மெரினாவை உறவினர்களில் பாதிப் பேர் முன்பே பார்த்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நேரம் கிடைப்பது மூன்று சமயங்களில்தான். காலை ரயிலில் வந்து இறங்கி, மாலை ரிசப்ஷனுக்கு முன் கிடைக்கும் பகல் ஒன்று. முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மதியமும் மாலையும் இன்னொன்று. தங்கிவிட்டவர்களுக்கு மறுநாள் விடியற்காலை மூன்றாவது. இவற்றில் இரண்டாவதுதான் எல்லோருக்கும் பொதுவானது, அதில்தான் ஏற்பாடு செய்கிறவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிட்டு நான்கு மணிக்குத்தான் திறக்கும். பந்தி முடிந்து மண்டபத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு வண்டி பிடித்தால் பூட்டிய கதவுதான் வரவேற்கும்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐ.சி.எஃப். என்கிற ரயில்பெட்டித் தொழிற்சாலை பக்கமுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. முகூர்த்த நாள் முடிவானதுமே இந்த மூன்றில் எது அடிபடுகிறது என்று தெரிந்துவிடும்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை

இந்த மூன்று மணி நேரத்துக்கு முதல் யோசனையாக நான் சொல்வது, பெரியவர்களைத் தூங்க விடுங்கள் என்பதுதான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குளித்து, பட்டுக் கட்டி, புகையில் உட்கார்ந்து, பந்தியில் வடை பாயசத்தோடு சாப்பிட்டவரை வெயிலில் கூட்டிப் போவது பாவம். மண்டபத்து அறைகளை மாலை வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். தூங்காதவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் அவர்களோடு அலைகிற சித்தப்பாக்களுக்கும், இரண்டு இடங்களை ஒப்பிடலாம்: கோட்டை அருங்காட்சியகமும் ரயில் அருங்காட்சியகமும்.

பிள்ளைகள் அதிகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில் அருங்காட்சியகம். 2002-இல் திறந்தது. நியூ ஆவடி சாலையில், ஐ.சி.எஃப். ஒட்டினாற்போல் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன, பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. பக்கத்துத் தொழிற்சாலையைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லலாம்: 1955-இல் நேரு திறந்துவைத்தது, முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் உருவானதும் இங்கேதான். ஊரிலிருந்து அவர்கள் ஏறி வந்த ரயில்பெட்டியேகூட இங்கே செய்ததாக இருக்கலாம் என்றால் பிள்ளைகளின் கண் விரியும். மண்டபம் பெரம்பூர், கொளத்தூர், வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் என்றால் ஆட்டோவிலேயே போய்விடலாம். திருவொற்றியூரிலிருந்து என்றால் குறுக்கே போக வேண்டியிருக்கும், அந்த அலைச்சலுக்கு அது தகாது.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை மண்டபங்களிலிருந்து கோட்டைதான் சுலபம். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடம். தலைமைச் செயலகமும் அங்கேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்கட்டும். சட்டமன்றம் கூடியிருக்கும் நாளில் கெடுபிடி இன்னும் கூடும், அப்போது வேறு இடம் பார்ப்பது நல்லது. அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளும் நாணயங்களும் ஆளுநர்களின் படங்களும் நிறைய உண்டு. ஆனால் வந்தவர்கள் நின்று பார்ப்பது ஒன்றைத்தான்: 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. அதன் முன்னால் வயதானவர்கள் கைகூப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே வளாகத்தில் 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொல்லத் தோதான சங்கதி அங்கே உண்டு. திறந்த சில நாட்களில் அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேல் என்பவருடையது. பிற்பாடு சென்னையின் ஆளுநரானவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்டதும் இந்தத் தேவாலயத்தில்தான். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிற கூட்டம் என்றால் கோட்டையில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் அரை மணியில் அழ ஆரம்பித்துவிடும்.

ராயபுரம் ரயில் நிலையத்தையும் சிலர் பட்டியலில் சேர்ப்பார்கள். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா சாலை வரை போனது. பம்பாயும் ஹௌராவும் அதற்கு முன்பே ரயில் கண்டவை, ஆனால் அங்கிருந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. இன்னும் வேலை செய்கிற நிலையங்களில் இதுவே பழைய கட்டடம். உயரமான தூண்களோடு கம்பீரமாக நிற்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகலாம், தனிப் பயணமாக வைக்க வேண்டாம்.

நான்கு மணிக்கு நடை திறந்ததும்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, எல்லா வயதினரும் வருகிறார்கள் என்றால் நான் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலைத்தான் சொல்வேன். இதற்குப் போட்டியாக நிற்பவை பாரிமுனைக் கோயில்கள்: தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள், ராசப்ப செட்டித் தெரு கந்தகோட்டம், பூக்கடை பக்கம் சென்னகேசவப் பெருமாள். அவையும் அருமையான கோயில்கள்தான். காளிகாம்பாளை 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டதாகக் கோயிலில் சொல்வார்கள். கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர் வள்ளலார், அவர் இளமையில் வாழ்ந்த ஏழுகிணறு வீடும் அதிக தூரமில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் வேன் நிறுத்த இடம் கிடையாது. தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, மூட்டை தூக்குகிறவர்கள் என்று நெருக்கியடிக்கும். முழங்கால் வலிக்காரர்களை அங்கே நடக்கவைப்பது கஷ்டம். திருவொற்றியூரில் சன்னதித் தெரு வரை வண்டி போகும். உள்ளே பிராகாரம் அகலமானது, உட்கார்ந்து எழுந்து நிதானமாகப் பார்க்கலாம்.

ஆதிபுரீஸ்வரர் இங்கே புற்று வடிவில் இருக்கிறார். ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் தரிசனம், கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசத்தைக் கழற்றுவார்கள். கார்த்திகையில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களோடு ஒத்துவந்தால் உறவினர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை, கூட்டமும் அதற்கேற்றாற்போல் இருக்கும். கருவறையின் பின்பக்கத்தை எல்லோரும் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். நின்று காட்டுங்கள். யானையின் பின்புறம்போல வளைந்து முடிகிற விமானம் அது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுத்துக் கட்டியது. செய்த சிற்பியின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். கட்டுவித்த அரசன் பெயர் எங்கும் கிடைக்கும், கல்லைச் செதுக்கியவன் பெயர் இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் இருபத்தேழு லிங்கங்கள் பிராகாரத்தில் வரிசையாக உண்டு. மணமக்களின் நட்சத்திரத்தைத் தேடி அதன் முன் ஒரு விளக்கு ஏற்றச் சொன்னால் அத்தைமார் மனம் நிறைந்துவிடும். அப்புறம் வடிவுடையம்மன் சன்னதி. உள்ளூரில் கோயிலையே அம்மன் பெயரால்தான் சொல்வோம்.

நான் இந்தக் கோயிலை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், இங்கே ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே வந்தபோது கோயிலுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்பினார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் இறைவனிடம் போய், நான் சன்னதியில் சத்தியம் செய்கிற நேரத்தில் நீ கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று வேண்டிக்கொண்டார். இறைவன் சரி என்றார். ஆனால் அன்றிரவே சங்கிலியார் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழடியில் வைத்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சங்கிலியாரின் தோழிகள் அப்படியே கேட்க, சுந்தரர் வேறு வழியில்லாமல் இறைவன் இருந்த அந்த மரத்தடியிலேயே சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைவு வந்து, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொன்றும் திரும்பக் கிடைத்தன. அந்த மகிழ மரம் கோயிலுக்குள் இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தக் கல்யாணத்தை இன்றும் நடத்துகிறார்கள். காலையில் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாலையில் அந்த மரத்தடியில் நின்று இந்தக் கதையைக் கேட்பதற்கு ஈடாக, நகரத்தின் வேறு எந்த இடத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நேரம் மிஞ்சினால் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி கிட்டத்தில்தான். காலடிப்பேட்டை கல்யாண வரதராஜப் பெருமாளையும் அதே மாலையில் சேவிக்கலாம். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் காஞ்சி வரதரைத் தரிசிக்க அடிக்கடி போய்வந்ததைக் கண்டு, இங்கேயே ஒரு கோயில் எழ ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். பெருமாளின் பெயரிலேயே கல்யாணம் இருப்பதால், வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவர்களே கேட்டுப் போய்விடுவார்கள்.

பௌர்ணமி என்றால் யாராவது மூன்று அம்மன் தரிசனத்தைக் கிளப்புவார்கள்: காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். ஒரே நாளில் மூவரையும் பார்ப்பது விசேஷம்தான். ஆனால் அதற்கு முழு நாளும் சொந்த வண்டியும் வேண்டும், முகூர்த்த நாளில் நடக்காது.

பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள், கூட்டத்தில் கிறிஸ்தவ உறவினர்களும் நண்பர்களும் இருந்தால், லூர்து அன்னை திருத்தலத்தைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மதத்தினரும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிற இடம் அது.

விளக்கு வைத்த பிறகு

இளவட்டங்களுக்கு, குறிப்பாக மணமக்களின் நண்பர்கள் பட்டாளத்துக்கு, கோயிலைவிடப் பாரிமுனையின் மாலைப்பொழுதுதான் சரி. சுற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் சாப்பாட்டில்தான் போய் முடியும்.

ஒன்று தங்கசாலைத் தெரு. சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழ்கிற மார்வாடி, குஜராத்தி குடும்பங்களின் தெரு. சுடச்சுட ஜிலேபி, பாதாம் பால், கெட்டி லஸ்ஸி, கச்சோரி. முறுக்கின் நடுவே காய்களையும் சட்னியையும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச் இங்கேதான் பிரபலமானது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய் மணக்கும் இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான், அதற்கே வரிசை நிற்கும். அனைத்தும் சைவம் என்பதால், கல்யாண வாரத்தில் கவிச்சி தொடாத வீட்டாருக்கும் தயக்கமில்லை. போகிற வழியில் தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி வளையலும் கவரிங் நகையும் வாங்கலாம். ஞாயிறு வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

இன்னொன்று பர்மா அத்தோ. பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார், அதை ஒட்டிய தெருக்களில் தள்ளுவண்டிக் கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. அவித்த நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். முட்டையைக் கீறி வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்துத் தருவதும் உண்டு. கோவையிலோ நெல்லையிலோ இதே கையால் இதே ருசி கிடைப்பது கஷ்டம். ஜிலேபி அவர்கள் ஊரிலும் கிடைக்கும். ஆகவே இளைஞர்களாக இருந்தால் என் ஓட்டு அத்தோவுக்கு. குடும்பமாக, பெரியவர்களோடு என்றால் தங்கசாலை. தெருவோரம் நின்றுகொண்டே சாப்பிடுவது எல்லோருக்கும் ஒத்துவராது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பகல் வெளிச்சம் இருக்கும்போதே உயர் நீதிமன்றத்தைச் சுற்றி ஒரு நடை போகலாம். 1892-இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். அதன் பெரிய கோபுரத்தின் உச்சி ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதை நினைவூட்டும் கல்வெட்டு சுற்றுச்சுவரில் இருக்கிறது. நம் பாட்டிமார் கெட்டிக்காரனை "எம்டன்" என்று திட்டியதற்கும் புகழ்ந்ததற்கும் காரணமான கப்பல். பக்கத்து அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம், அமைதியான முற்றமும் தரையில் பதித்த பழைய கல்லறைக் கற்களுமாக இருக்கும். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் வெளிவந்தது சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் இங்கே உண்டு. இது மாலைக்கு ஆகாது, காலையில் போனால்தான் நிச்சயமாகத் திறந்திருக்கும். ரிசப்ஷனுக்கு முந்தைய பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு மட்டும் என்றால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. தி.நகரின் விலை இல்லை, தூரமும் இல்லை. புடவை, சுடிதார், பிள்ளைகளின் உடை என்று எல்லாம் ஒரே சாலையில், ஞாயிறன்றும் கூட்டம் தள்ளும். பட்டுக்கு வேறு இடம் பாருங்கள், தினமும் உடுத்துகிற துணிக்கு இதை அடிக்க முடியாது. ஊரில் இருப்பவர்களுக்கு வாங்கிப் போக வேண்டும் என்கிற அக்காமார்களை நேராக இங்கே விட்டுவிடுங்கள்.

மறுநாள் தங்குகிறவர்களுக்கு

விடியற்காலையில் காசிமேடா, முழு நாளும் பழவேற்காடா என்பதுதான் இங்கே கேள்வி.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் மறக்க மாட்டார்கள். இருட்டிலேயே விசைப்படகுகள் கரை சேர்ந்து, வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் பாறையும் கூடை கூடையாக இறங்கும். ஏலம் விடுகிற குரல், கூடை சுமக்கிற பெண்கள், ஐஸ் கட்டியை உடைக்கிற சத்தம் என்று சூரியன் வருவதற்குள் ஒரு பெரிய வியாபாரமே முடிந்திருக்கும். மீன் வாங்காதவர்களும் பார்க்க வேண்டிய உழைப்பு அது. ஆனால் தரை முழுக்க மீன் தண்ணீர். நல்ல செருப்பு, நல்ல சேலை எதுவும் வேண்டாம். வேலை செய்கிறவர்களின் வழியை மறித்து நின்று படம் எடுக்கவும் கூடாது, அது அவர்களின் பிழைப்பு நேரம். ஞாயிறு என்றால் நகரமே மீன் வாங்க வந்து நிற்கும், வேறு நாளில் போவது நல்லது.

இதில் மாதம் முக்கியம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று, விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. நம் சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் பெரும்பாலும் இந்த அறுபத்தொரு நாளுக்குள்தான் வரும். அப்போது ஃபைபர் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான், துறைமுகம் பாதி உறங்கும். தையிலும் மாசியிலும் ஆவணியிலும் கல்யாணம் வைத்தவர்களுக்கே காசிமேட்டை முழுமனதாகச் சொல்வேன்.

பழவேற்காடு இன்னும் வடக்கே, பொன்னேரி வழியாகப் போக வேண்டும். நாட்டில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று மண்மேடுதான். ஆனால் செதுக்கிய வாசலும் எழுத்து அழியாத கல்லறைகளுமாக அவர்களின் இடுகாடு நன்றாக இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். தை, மாசியில் கல்யாணம் என்றால் போகலாம், வைகாசி வெயிலில் வெற்று ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படகுச் சவாரியை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். 2011 டிசம்பரில் அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிலிருந்து நான் யாருக்கும் படகைச் சிபாரிசு செய்வதில்லை. கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

எண்ணூர் கடற்கரையை யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துறைமுகச் சுவர் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் கடற்கரையைக் கடல் தின்றது. இப்போது ராயபுரம் தொடங்கிப் பாதி தூரம் கருங்கல் தடுப்புதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். அந்த இடத்தை அறிய விரும்புகிறவர்கள் தனியாக ஒரு நாள் வரட்டும், கல்யாணக் களிப்பில் சுற்றிப் பார்க்கிற இடமாக அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

வேனா, மெட்ரோவா?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்து மண்டபங்களுக்கு மெட்ரோதான் என் முடிவு. 2021 பிப்ரவரியில் பாதை விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நிலைமையே மாறிவிட்டது. திருவொற்றியூர் தேரடியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு அரை மணிக்குள் போய்விடலாம், சாலையில் அந்த நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பும்போதும் இதுவே உதவும். கோவை ரயிலுக்கு சென்ட்ரலில் இறங்கிக்கொள்ளலாம். தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூர் என்றால் சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறி அடுத்த நிறுத்தம். தாம்பரத்திலிருந்து கிளம்பும் ரயில்களும் உண்டு, ஆகவே பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். பெட்டிகளை மாலை ஊர்சுற்றலுக்கு முன்பே நிலையத்தின் பொருள் காப்பறையில் போட்டுவிட்டால் தங்கசாலையில் கை வீசி நடக்கலாம்.

வேன் எடுப்பது இரண்டு சமயங்களில் மட்டும் சரி: பத்துப் பேருக்கு மேல் வயதானவர்கள் சேர்ந்து திருவொற்றியூர் கோயிலுக்குப் போகும்போது, இல்லையென்றால் பழவேற்காட்டுக்கு. பாரிமுனைக்கு வேன் வேண்டவே வேண்டாம், நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும்.

கூட ஒரு உள்ளூர்ப் பிள்ளையை அனுப்புங்கள். மணமக்களின் தம்பியோ தங்கையோ வேண்டாம், அவர்களுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரித் தோழி என்று ஒருவரை முன்பே கேட்டு வைத்து, கையில் செலவுக்குப் பணமும் கொடுத்துவிடுங்கள். எந்தக் கதவு எத்தனை மணிக்குச் சாத்தும் என்று அவருக்குத்தான் தெரியும்.